பதினாறு வயது லாரியைக் கொடுத்து மாற்றுவதா? சுங்காய் வட்டாரத்துப் பழ லாரிக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், பழைய பெருஞ்சாலையில் பீடோருக்கும் சிலிம் ரீவருக்கும் இடையே உள்ள சுங்காய், தோட்டங்களை நம்பி வளர்ந்த சிறுபட்டணம். பால்மரம் நின்ற நிலத்தில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. பெரிய தோட்டங்கள் தங்கள் பழத்தைத் தாங்களே ஆலைக்கு அனுப்பிக்கொள்கின்றன. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களின் குலைகளை ஏற்றிச் செல்ல இப்பகுதியில் சில குடும்பங்கள் ஆறு சக்கர லாரி வைத்துத் தொழில் செய்கின்றன. வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலையைச் சேர வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். ஆகவே லாரி நின்றுபோனால் அது லாரிக்காரரின் சிக்கலோடு முடிவதில்லை. வெட்டிப் போட்ட பழத்துக்கு உரியவரும் தவிக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வுக்குரிய குடும்பத்தில் அண்ணன், தம்பி இருவர். இருவரும் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மூத்தவருக்கு 54 வயது. லாரி அவர் பெயரில் இருக்கிறது, பழக்காரர்களிடம் பேசுவதும் காசு வாங்குவதும் அவர் பொறுப்பு. இளையவர் லாரியை ஓட்டுகிறார். மூத்தவரின் மனைவி வரவு செலவை 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறிய குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் எழுதி வருகிறார். நான் இப்பட்டணத்தில் சிறு வணிகர்களுக்குக் கணக்கெழுதித் தருபவன். 2024 பிப்ரவரியில் அவர்கள் என்னிடம் வந்ததிலிருந்து நடந்தவற்றை, இருவரின் ஒப்புதலுடன், பெயர்களை விலக்கி இங்கே பதிவு செய்கிறேன்.

லாரி 2008இல் செய்யப்பட்ட டிப்பர். 2013இல் இரண்டாம் கையாக வாங்கி, ஐந்தாண்டுத் தவணையை 2018இல் கட்டி முடித்திருந்தார்கள். அதன் பிறகு மாதத் தவணை இல்லாமல் தொழில் நடந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் மூத்தவரின் இரு பிள்ளைகள் மேற்படிப்பை முடித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தவணையில்லாத லாரி அந்தக் குடும்பத்துக்கு என்னவாக இருந்தது என்பது அப்போதுதான் விளங்கும்.

கேள்வி எழுந்த விதம்

வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போய்த் தேற வேண்டும். 2024 ஜனவரியில் இந்த லாரி புகையளவிலும் பிரேக்கிலும் தவறியது. பழுது பார்த்து மறுசோதனையில் தேறிய மூன்றாம் வாரத்தில் கியர் பாக்ஸ் உடைந்தது. லாரி ஒன்பது நாள் பட்டறையில் நின்றது. அந்த ஒன்பது நாளில் 12 ஏக்கர் வைத்திருந்த ஒரு சிறுதோட்டக்காரர், வெட்டிய பழம் இரண்டு நாள் வெயிலில் கிடந்ததைப் பொறுக்க முடியாமல் வேறு லாரிக்காரரிடம் போய்விட்டார். பத்தாண்டுகளாக வாடிக்கையாக இருந்தவர் அவர். கியர் பாக்ஸுக்குக் கொடுத்த காசைவிட இந்த இழப்பே மூத்தவரை அதிகம் வருத்தியது.

அச்சமயத்தில் ஈப்போவில் பழைய லாரி விற்கும் வியாபாரி ஒருவர், 2017இல் பதிவான அதே அளவு லாரி ஒன்றைக் காட்டினார். அதன் விலை 98,000 வெள்ளி (ரிங்கிட்). பழைய லாரியை டிரேட்-இன் செய்தால் 22,000 வெள்ளி கழித்துக்கொள்வதாகவும், மீதி 76,000 வெள்ளிக்கு ஐந்தாண்டுக் கடன் ஏற்பாடு செய்து தருவதாகவும் சொன்னார். கையிலிருந்து ஒரு காசும் போட வேண்டியதில்லை என்பது இளையவருக்குப் பெரிய ஈர்ப்பாக இருந்தது. “அண்ணே, ரிப்பேருக்குக் குடுக்குற காச தவணையா கட்டினா, நமக்கு லாரியாவது மிஞ்சும்” என்று அவர் என் முன்னிலையிலேயே சொன்னார். லாரி வைத்திருப்பவர் பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. சரியாக எவ்வளவு நியாயம் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

என் முதல் கணக்கும் அதன் பிழையும்

முதலில் நான் போட்ட கணக்கு தவறானது. அதே தவறு எளிதில் யாருக்கும் நேரக்கூடும் என்பதால் அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முந்தைய 12 மாத ரசீதுகளைக் கூட்டியபோது பழுதுச் செலவு 21,400 வெள்ளி வந்தது. லாரி நின்ற நாள்கள் 31. நாளொன்றுக்கு வருமானம் சுமார் 420 வெள்ளி என்று வைத்து 13,020 வெள்ளி இழப்பு என்று எழுதினேன். இரண்டும் சேர்ந்து 34,420 வெள்ளி. வியாபாரி சொன்ன கடனுக்கு வட்டி விகிதம் 4.5 விழுக்காடு, ஐந்தாண்டு வட்டி 17,100 வெள்ளி, மாதத் தவணை ஏறத்தாழ 1,552 வெள்ளி, ஆண்டுக்கு 18,620 வெள்ளி. இப்படிப் பார்த்தால் லாரியை மாற்றாமல் இருப்பதே நட்டம் என்று தோன்றியது. அதை அவர்களிடம் சொல்லியும் விட்டேன்.

மறுநாள் ரசீதுகளைப் பெயர் பெயராகப் பிரித்தபோது கணக்கு நிற்கவில்லை. 21,400இல் டயருக்கு 4,300, எண்ணெய்க்கும் வடிகட்டிகளுக்கும் 2,600. இந்த 6,900 வெள்ளி புதிதாக எடுக்கும் லாரிக்கும் உண்டு. எஞ்சிய 14,500இல் கியர் பாக்ஸ் மட்டும் 6,200; அது இப்போதுதான் மாற்றப்பட்டது, அடுத்த ஆண்டே திரும்ப வரும் செலவு அன்று. ஆகப் பழைய லாரியை வைத்திருப்பதால் மட்டும் ஆண்டுதோறும் வரக்கூடிய கூடுதல் பழுது 8,300 வெள்ளி அளவில்தான் இருந்தது.

நின்ற நாள்களின் கணக்கும் அப்படியே. 555 புத்தகத்தில் தேதி வாரியாகப் பார்த்தால், 31 நாள்களில் 17 நாள்களின் பழம் மறுநாளோ அதற்கு மறுநாளோ கூடுதல் நடை ஓட்டி ஏற்றப்பட்டிருந்தது. 14 நாள்களின் பழமே வேறு லாரிக்குப் போயிருந்தது. அந்த நாள்களிலும் 420 வெள்ளி முழுதும் இழப்பன்று. டீசல், கெலிண்டானின் (லாரி உதவியாளின்) கூலி முதலியவை போகக் கையில் நிற்பது 250 வெள்ளி. எனவே உண்மையான இழப்பு 3,500 வெள்ளி. 34,420 என்று எழுதிய தொகை 11,800ஆகச் சுருங்கியது. இதில் போய்விட்ட வாடிக்கையாளரின் மதிப்பு சேரவில்லை என்பதையும், தவணை கட்டும் 18,620 முழுவதும் செலவாகிவிடுவதில்லை, ஐந்தாண்டு முடிவில் அந்த லாரிக்கும் ஒரு விலை இருக்கும் என்பதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் இந்தக் குடும்பத்தின் நெருக்கடி ஐந்தாண்டு முடிவில் வருவதன்று; பழம் குறையும் ஆண்டுத் தொடக்க மாதங்களில், குறிப்பாகப் பிப்ரவரி, மார்ச்சில், மாதக் கையிருப்பு போதுமா என்பதே அவர்களின் கேள்வி.

ஆகவே முன்னர் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மூன்று மாதம் முடிவெடுக்காமல் ஒவ்வொரு நடையையும் பதிவு செய்யுமாறு கேட்டேன். மூத்தவரின் மனைவி அந்தப் பொறுப்பை ஏற்றார்.

மார்ச் முதல் மே வரையிலான பதிவு

அந்த மூன்று மாதத்தில் 118 நடைகள். ஆலையின் எடைச் சீட்டுகள் அனைத்தையும் அவர் தேதிப்படி கம்பியில் கோத்து வைத்திருந்தார். ஒரு நாள் சீட்டுகளை வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது லாரி வாசலில் நின்றது. பின்பக்கத் தளத்தில் துரு தின்று ஒரு துளை விழுந்திருந்தது. குலையிலிருந்து கசியும் சாறும் மழை நீரும் தேங்கும் மூலை அது. அதன் மேல் வெட்டிய பலகைத் துண்டை வைத்து, அரிசிச் சாக்கை மடித்துத் திணித்திருந்தார்கள். கீழே சிமெண்டுத் தரையில் ஏழெட்டு உதிரிப் பழங்கள் சிவந்து கிடந்தன. ஒவ்வொரு நடையிலும் வழியெல்லாம் இப்படிச் சிந்தியிருக்கும். பழுதுச் செலவில் சேராத செலவு இது.

அதே நேரம் கதவைப் பார்த்தேன். இந்நாட்டு லாரிகளின் கதவில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கும் இரண்டு எண்கள் அதிலும் இருந்தன. பாரத்துடன் கூடிய மொத்த எடை, மலாய்ச் சுருக்கத்தில் பிடிஎம் (BDM), 7,500 கிலோ. பாரமில்லாத எடை, பிடிஎம்முக்கு அடுத்த வரியில் எழுதியிருப்பது, 3,700 கிலோ. கழித்தால் 3,800 கிலோ. கையில் இருந்த எடைச் சீட்டுகளில் சராசரி நிகர எடை 5.5 டன்.

இருவருக்கும் இது தெரியாத செய்தி அன்று. பழ லாரி அப்படித்தான் ஓடுகிறது என்ற பழக்கத்தில் அது கண்ணுக்குப் படாமல் போயிருந்தது. டன்னுக்கு 38 வெள்ளி கூலி, 5.5 டன்னுக்கு 209 வெள்ளி. நாளுக்கு இரண்டு நடை என்றால் 418 வெள்ளி. நான் 420 என்று எழுதிய வருமானம் சட்டத்துக்கு மேல் ஏற்றிய 1.7 டன்னின் மேல் நின்ற வருமானம். சட்டப்படி ஏற்றினால் ஒரு நடைக்கு 144 வெள்ளிதான்.

இதோடு இன்னொன்றும் வெளிப்பட்டது. பட்டறையில் இருபது ஆண்டுகளாக லாரி பார்க்கும் சீன ஃபோர்மேனிடம் ரசீதுகளைக் காட்டிக் கேட்டோம். ஸ்பிரிங் பட்டை முறிந்தது, பிரேக் தேய்ந்தது, கியர் பாக்ஸ் போனது ஆகிய மூன்றுக்கும் வயதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, அளவுக்கு மீறிய பாரத்தை மேட்டில் இழுத்ததும் இறக்கத்தில் பிடித்ததுமே பெரும் காரணம் என்றார் அவர். அப்படியானால் 2017ஆம் ஆண்டு லாரியை எடுத்து அதிலும் 5.5 டன் ஏற்றினால், சில ஆண்டுகளில் இதே ரசீதுகள் தவணையோடு சேர்ந்து வரும். வியாபாரி காட்டிய லாரியின் பிடிஎம்மும் 7,500 கிலோதான். என் மதிப்பீட்டில் இந்த நிகழ்வின் திருப்பம் இதுவே: எந்த லாரி என்று கேட்பதற்கு முன் எவ்வளவு பாரம் என்று கேட்டிருக்க வேண்டும்.

டிரேட்-இன் விலையைப் பிரித்துப் பார்த்தது

பழைய லாரிக்கு 22,000 வெள்ளி என்பது கேட்க நன்றாக இருந்தது. ஆனால் டிரேட்-இன்னில் இரண்டு விலைகள் ஒன்றுக்குள் ஒன்று மறைந்திருக்கும். மூத்தவரிடம் வியாபாரியைத் தனியே அழைத்து, பழைய லாரியைக் கொடுக்காமல் வாங்கினால் என்ன விலை என்று மட்டும் கேட்கச் சொன்னேன். 89,000 வெள்ளி என்று பதில் வந்தது. விலையில் 9,000 ஏற்றி, பழைய லாரியில் அதையே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய லாரிக்கு உண்மையில் கிடைத்தது 13,000 வெள்ளி. தாப்பாவில் ஒருவர் அதே லாரியை நேரடியாக 16,000க்குக் கேட்டிருந்தார். டிரேட்-இன் செய்தால் மேலே போட வேண்டியது 76,000. தனித்தனியாக விற்று வாங்கினால் 73,000. வியாபாரி ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. ஒரே இடத்தில் வேலை முடிவதற்கும், கையில் காசில்லாதவருக்கு முன்பணம் இருப்பது போல் கடன் தாளில் காட்டுவதற்கும் அவர் வாங்கும் கூலி அது. அந்தக் கூலி 3,000 வெள்ளி என்பதைத் தெரிந்துகொண்டு கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு.

வட்டியிலும் இதே தெளிவு வேண்டியிருந்தது. 4.5 விழுக்காடு என்பது தொடக்கக் கடன் முழுவதற்கும் ஐந்தாண்டும் கணக்கிடும் நிலையான விகிதம். மாதந்தோறும் அசல் குறைந்துவருவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கும் சற்று மேல் வருகிறது.

மேலும், 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் கார் வாங்குபவருக்குத் தரும் பாதுகாப்பு தங்களுக்கும் உண்டு என்று இருவரும் நம்பியிருந்தார்கள். அச்சட்டம் சரக்கு வாகனங்களில் 2,540 கிலோ வரை மொத்த எடை அனுமதிக்கப்பட்டவற்றுக்கு மட்டுமே பொருந்தும். கார்க் கடனில் தொடர்ந்து இரண்டு தவணை தவறிய பின்னரே, 21 நாள் அறிவிப்புக் கொடுத்தே வண்டியைப் பறிமுதல் செய்ய முடியும். 7,500 கிலோ லாரிக்கு அந்த ஏற்பாடு தானாக வருவதில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே கதி. மூத்தவர் கையெழுத்திடவிருந்த தாளில், ஒரு தவணை தவறினாலே கடன் முழுவதையும் கேட்கலாம் என்று இருந்தது. அதை நான் வாய்விட்டுப் படித்துக் காட்டியபோது மூத்தவர் நெடுநேரம் பேசவில்லை.

2024 ஜூன்: எடுத்த முடிவு

ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு உயர்ந்தது. இவர்கள் சரக்கு வாகனத்துக்கான மானிய அட்டையைப் பெற்றிருந்ததால் பழைய விலையிலேயே நிரப்ப முடிந்தது. எனினும் லாரியை மாற்றினால் அட்டைக்கும் மீண்டும் அலைய வேண்டியிருக்கும் என்பது அந்த வாரப் பேச்சில் கூடுதல் எடையாகச் சேர்ந்தது.

மூன்று வழிகளைப் பேசினோம். டிரேட்-இன் செய்வது, தனியாக விற்று வேறு வாங்குவது, பழையதையே 2025 இறுதி வரை ஓட்டுவது. மூன்றாவதைத் தேர்ந்தார்கள். காரணம் இதுதான்: அடுத்து வாங்கும் லாரி, ஏற்றும் பாரத்தைச் சட்டப்படி தாங்கும் பெரிய லாரியாக இருக்க வேண்டும்; அதற்குக் கூடுதல் முன்பணம் வேண்டும்; அதே அளவு லாரியை இப்போது கடனில் எடுத்துவிட்டால் ஐந்தாண்டுக்கு அந்தக் கதவு மூடிவிடும்.

வைத்திருப்பதென்றால் சில கட்டுப்பாடுகளோடு என்று ஒப்புக்கொண்டார்கள். பாரம் 3.8 டன்னைத் தாண்டக்கூடாது. தவணை கட்டுவதாகவே எண்ணி மாதம் 1,000 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட வேண்டும். ஒரே பழுதுக்கு 5,000 வெள்ளிக்கு மேல் கேட்டாலோ, ஒரே குறைக்காகச் சோதனையில் இரு முறை தொடர்ந்து தவறினாலோ, சேசிஸில் (லாரியின் அடிச்சட்டத்தில்) விரிசலோ வளைவோ கண்டாலோ அன்றே லாரியை நிறுத்த வேண்டும். இவற்றை 555 புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மூத்தவரின் மனைவி எழுதினார். இருவரும் கீழே கையெழுத்திட்டார்கள். லாரி நின்றுபோகும் நாளில் மனத்தின் பதற்றத்தில் முடிவெடுக்காமல் இருக்க இது உதவும் என்று எண்ணினேன்.

ஜூலை முதல் நவம்பர் வரை

கூலியை டன்னுக்கு 38இலிருந்து 42 வெள்ளியாக்கக் கேட்டார்கள். பாரத்தைக் குறைப்பதால்தான் கேட்கிறோம் என்று மூத்தவர் ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொன்னார். பெரும்பாலோர் ஏற்றனர், இருவர் விலகினர். பழம் மிகுந்த அந்த மாதங்களில் நாளுக்குச் சராசரி 2.6 நடை ஓடியதில் வருமானம் 415 வெள்ளியளவில் நின்றது. டீசல் செலவு நாளுக்குச் சுமார் 11 வெள்ளி கூடியது. ஸ்பிரிங், பிரேக் இரண்டுக்கும் அந்த ஐந்து மாதத்தில் ஒரு ரசீதும் இல்லை. ஜூலைச் சோதனையில் லாரி முதல் முறையே தேறியது.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. அதை நான் முன்கூட்டி நினைக்கவில்லை. ஆலை வாசலில் பழ லாரிகள் வரிசை நிற்கும் காலம் அது. மூன்றாம் நடை முடிந்து இளையவர் வீடு திரும்ப இரவு ஒன்பது, பத்து ஆனது. செப்டம்பரில் ஒரு நாள் அவர் என் மேசைக்கு வந்து, “கணக்கு உங்க தாள்ல சரியா வருது சார். ஸ்டியரிங்க பிடிக்கிற கை என்னோடது” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஓட்டுபவரின் உழைப்பு நேரத்தை நாங்கள் எந்தப் பத்தியிலும் எழுதியிருக்கவில்லை. அதன் பின் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் மூன்றாம் நடை இல்லை என்று மாற்றினார்கள். வருமானம் குறைந்தது, அப்படியும் மாதம் 1,000 வெள்ளி தவறவில்லை.

சேசிஸில் கண்ட விரிசல்

நவம்பர் கடைசி வாரத்தில், ஜனவரிச் சோதனைக்கு முன்னேற்பாடாக, ஃபோர்மேன் லாரியின் அடிப்பாகத்தை நீராவியால் கழுவினார். பழச்சாறும் செம்மண்ணும் எண்ணெயும் பல ஆண்டாகச் சேர்ந்து அடியில் ஓடு போல் இறுகியிருந்தது. அது பெயர்ந்து விழுந்ததும், பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் கொண்டிக்கு மேலே, ஆணித் துளையிலிருந்து கிளம்பி, ஒரு விரல் நீளத்துக்குத் துருநிறக் கோடு தெரிந்தது. ஃபோர்மேன் சுத்தியால் தட்டினார். மற்ற இடத்தில் கேட்ட ஓசை அங்கே கேட்கவில்லை. அருகிலேயே யாரோ முன்பு ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்துச் சாயம் பூசியிருந்ததும் தெரிந்தது. 2013இல் வாங்குவதற்கு முன்பே நடந்த வேலையாக இருக்க வேண்டும். விரிசல் புதிதன்று என்பதே ஃபோர்மேனின் கருத்து.

பற்றவைத்துத் தருமாறு இளையவர் கேட்டார். பழக்காலம் இன்னும் முழுதாக முடியவில்லை என்றார். மூத்தவர் 555இன் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டுச் சாவியைத் தம் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அந்த லாரி பழம் ஏற்றவில்லை.

விற்கும்போது இன்னொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஈப்போ வியாபாரி, லாரியைப் பார்க்காமலே, டிரேட்-இன்னுக்கு 18,000 வெள்ளி தருவதாகத் தொலைபேசியில் சொன்னார். மூத்தவர் விரிசலைச் சொன்னார். விலை 9,000க்கு இறங்கியது. சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அந்த லாரி மறுபடி சாயம் பூசிக்கொண்டு வேறொரு தோட்டத்துப் பிள்ளையின் கைக்கு வரும், எனக்கு வந்ததும் அப்படித்தான் என்று மூத்தவர் சொன்னதோடு பேச்சு நின்றது. உதிரிப் பாகங்களுக்காக லாரிகளைப் பிரிக்கும் பொத்தோங் கடையில் 11,000 வெள்ளிக்குக் கொடுத்தார்கள். மே மாதத்தில் தாப்பாக்காரர் கேட்ட விலையைவிட இது 5,000 வெள்ளி குறைவு.

இரண்டாம் லாரி

இரண்டு லாரிகள் பார்வைக்கு வந்தன. ஒன்று 2018இல் பதிவானது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பாகங்களைக் கொண்டு இங்கே மீண்டும் கட்டப்பட்டது. பதிவாண்டு புதியதாக இருந்தாலும் எஞ்சினும் சேசிஸும் அதைவிடப் பழையவையாக இருக்கக்கூடும். ஆகவே கிராண்டில் (வாகனப் பதிவு ஆவணத்தில்) பதிவாண்டை மட்டும் பார்க்காமல் தயாரிப்பாண்டையும் பார்க்க வேண்டும். மற்றொன்று 2015இல் செய்யப்பட்டு 2016இல் பதிவானது, ஒரே உரிமையாளர் வைத்திருந்தது, விலை 104,000 வெள்ளி. பிடிஎம் 11,000 கிலோ, பாரமில்லாத எடை 4,700 கிலோ, 6.3 டன் வரை ஏற்றலாம். இம்முறை விலை பேசுவதற்கு முன்பே ஃபோர்மேனை அழைத்துச் சென்று, அடிப்பாகத்தைக் கழுவச் செய்து, சேசிஸை முழுதும் பார்த்தார்கள். உரிமை மாற்றத்துக்கான பி5 சோதனையும் கடனுக்கான பி7 சோதனையும் எப்படியும் உண்டு; ஆனால் எஞ்சினுக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் என்பதை அவை சொல்வதில்லை.

இரண்டாவதையே எடுத்தார்கள். பழைய லாரியின் 11,000, ஆறு மாதச் சேமிப்பு 6,000, குடும்பச் சேமிப்பிலிருந்து 9,000, ஆக 26,000 முன்பணம். கடன் 78,000 வெள்ளி, நிலையான வட்டி 4.2 விழுக்காடு, ஐந்தாண்டு, மாதத் தவணை 1,573 வெள்ளி. தவணை தாமதம் குறித்த வரியைக் கடன் நிறுவனத்தோடு பேசி, 14 நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும் என்று மாற்றினார்கள். கேட்டால் மாற்றுவார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

கூலிக்குப் பிறர் சரக்கை ஏற்றும் லாரிக்கு ஏ வகை உரிமம் தேவை. பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணைச் சேர்க்கும் வேலைக்கு அபாட் எனும் தரைப் பொதுப் போக்குவரத்து முகமையில் விண்ணப்பம், சாலை வரி, காப்புறுதி, மானிய அட்டை எல்லாம் முடிந்து லாரி சாலைக்கு வந்தது 2025 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில். லாரி வீட்டு வாசலில் 19 நாள் சும்மா நின்றது. அந்த நாள்களில் தெரிந்த லாரிக்காரர் ஒருவரைக் கொண்டு வாடிக்கையாளர்களின் பழத்தை ஏற்றச் செய்து, கூலி முழுவதையும் அவருக்கே விட்டார்கள். ஒருவரும் விலகவில்லை.

அடுத்து வந்தது மார்ச். பழம் குறைந்த மாதம். கையிலிருந்த அனைத்தும் முன்பணத்தில் போய்விட்டதால் இரண்டாம் தவணை ஒன்பது நாள் தாமதமானது. மாற்றி எழுதிய அந்த 14 நாள் வரி அன்று இவர்களைக் காத்தது.

மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில், கல் ஏற்றிய லாரி ஒன்றோடு மோதி எஃப்ஆர்யூ எனும் கலகத் தடுப்புப் பிரிவின் காவலர்கள் 9 பேர் உயிரிழந்தனர். எங்களூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடம். அதன் பின் சாலைகளில் லாரிச் சோதனை கடுமையானது. இளையவர் மூன்று முறை நிறுத்தப்பட்டார். மூன்று முறையும் எடை சரியாக இருந்தது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

மூன்று மாதம் எடைச் சீட்டுகளைக் கோத்துக் கணக்குப் பார்த்த நாங்கள், 150 வெள்ளி செலவில் அடிப்பாகத்தைக் கழுவிச் சேசிஸைப் பார்க்கவில்லை. மார்ச்சிலேயே பார்த்திருந்தால் விரிசல் அப்போதே தெரிந்திருக்கும். வைத்திருப்பதா என்ற கேள்வியே எழுந்திருக்காது. தெரியாமல் ஐந்து மாதம் அந்த லாரியை இளையவர் இரவில் ஓட்டியிருக்கவும் மாட்டார். விலையில் இழந்த 5,000 வெள்ளியை நான் இதோடு சேர்த்து எண்ணுவதில்லை. விரிசலைச் சொல்லி விற்றிருந்தால் மே மாதத்திலும் அந்த 16,000 கிடைத்திருக்காது. இந்த வரிசைப் பிழை என்னுடையது.

முன்பணத்தில் அனைத்தையும் போட்டதும் தவறு. 3,000 வெள்ளியைக் கையில் நிறுத்திக்கொண்டு தவணை மாதம் அறுபது வெள்ளி கூடுதலாக வந்திருந்தாலும் பரவாயில்லை. முதல் ஆண்டில் இரண்டு தவணைக்குரிய தொகை எப்போதும் தனியே இருக்க வேண்டும். புதிய எண்ணுக்கு உரிமம் மாறும் வரை ஆகும் நாள்களையும் முன்பே கணக்கில் சேர்த்து, பழம் குறையும் மாதத்தில் அந்த இடைவெளி விழுமாறு திட்டமிடலாம். இவர்களுக்கு அது தற்செயலாக அமைந்தது.

ஓட்டுபவரின் நேரம் இப்போது பதிவில் இருக்கிறது. 555 புத்தகத்தில் தேதி, நடை, எடை, டீசல் ஆகியவற்றுக்கு அடுத்து, இளையவர் வீடு திரும்பிய மணியை மூத்தவரின் மனைவி எழுதுகிறார். நாளுக்கு இரண்டு நடை, நடைக்கு ஆறு டன்னளவு, பெரும்பாலும் மாலை ஆறரைக்குள் வீடு. 2025 டிசம்பர் வரை 11 தவணைகள் கட்டப்பட்டுள்ளன. மார்ச்சைத் தவிர எதுவும் தாமதமில்லை. அந்த 12 ஏக்கர்க்காரர் ஆகஸ்டு மாதத்தில் திரும்பி வந்து, தம் பழத்தை மீண்டும் இவர்களிடமே கொடுத்து வருகிறார்.